வளைவு கேட்ட இழப்பீடு

கடலுக்கும் கரும்புக் காட்டுக்கும் நடுவில் செங்கழனி என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு மன்னர் அரண்மனையை விட்டு வெளியே வந்தால், போகிற தெருவெங்கும் மர வளைவுகள் கட்டி வரவேற்பார்கள். வளைவுகள் சில சமயம் விழும். விழுந்தன என்று சொல்லக் கூடாது. 'மக்களை நெருங்கி வந்தன' என்றே அரசு முரசு அறிவிக்கும்.

அப்படி ஒரு வளைவு, சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த பூவாயியை நெருங்கி வந்தது. அவளுடைய வலது தோள் நொறுங்கியது. சாவு வீடுகளில் ஒப்பாரி பாடிப் பிழைத்தவள் அவள். மாரில் அடித்துப் பாட முடியாதவளை அதன்பின் யாரும் கூப்பிடவில்லை. இடக் கையால் சோற்றைப் பிசையும்போது அவளுக்கு அழுகை வந்தது. ஊரார் சாவுக்கெல்லாம் அழுத அழுகை போல் இல்லை அது, சத்தமே வரவில்லை.

மன்னர் இரக்கமுள்ளவர். காயம்பட்டவர்களுக்கு இழப்பீடு தர ஆறுதல் மண்டபம் கட்டி, கோதண்டர் என்பவரை அதற்கு அமைச்சராக்கினார். கோதண்டர் நியாயத்தில் கண்டிப்பானவர். ஏழை, பணக்காரர் பேதமின்றி எல்லோரும் நேரில் வந்து தம் வலியை நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். பணக்காரர்கள் எதிர்க்கவில்லை. அவர்கள் மேல் வளைவு விழுந்ததே இல்லை.

பூவாயி போனாள். தோளைக் காட்டச் சொன்னார்கள். துணியை விலக்கும்போதே வலி தாங்காமல் அழுதுவிட்டாள்.

"உன் தொழில் என்னம்மா?" என்றார் கோதண்டர்.

"ஒப்பாரி பாடுறதுங்கய்யா."

"அப்படியானால் இது தொழில் அழுகை. சாட்சியமாக ஏற்பதற்கில்லை."

பூவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்போது வலி நின்றுவிட்டது போலும்," என்றார் அவர்.

"நிக்கலைங்கய்யா. நீங்க ஏத்துக்க மாட்டேன்னதால அழுகைய அடக்கிக்கிட்டேன்."

"அடக்க முடிகிற வலி பெரிய வலியாக இருக்க நியாயமில்லை." தீர்ப்பை ஒத்திவைத்தார்.

காத்திருந்தவர்கள் மெலிந்து வாடிப்போனார்கள். பார்க்க நன்றாக இல்லை. ஆகவே மனுதாரர் நலம் காக்கக் கோதண்டர் ஓர் ஆணை பிறப்பித்தார். காலைதோறும் அனைவரும் முற்றத்தில் கூடிக் கைகளைத் தூக்கிச் சிரிக்க வேண்டும். வராதவருக்குத் தம் நலத்தில் அக்கறையில்லை என்று பொருள், மனு தள்ளுபடி.

பூவாயிக்குப் பக்கத்தில் சின்னாண்டி நின்றான். இன்னொரு வளைவு விழுந்து ஒரு காலை இழந்த வண்டிக்காரன். கைகளைத் தூக்கச் சொன்னதும் அவன் ஊன்றுகோலையும் சேர்த்துத் தூக்கிவிட்டான். சாய்ந்தவனை அவள் இடக் கையால் தாங்கிப் பிடித்தாள்.

"நானும் உங்கள நெருங்கி வந்துட்டேன்க்கா," என்றான் அவன்.

பூவாயி சிரித்துவிட்டாள். தோள் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான். காவலர் கவனித்துவிட்டார். மற்றவர்கள் ஆணைப்படி சிரித்தார்கள். இவளோ தானாகச் சிரித்தாள். ஆகவே பூரண குணம் என்று அவள் மனுவை முடித்துவைத்தார்கள்.

அதே வாரம் அவள்மேல் விழுந்த வளைவின் சார்பில் அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் இழப்பீடு கேட்டார். பூவாயியின் தோள் பட்டதில் அதன் விளிம்பு கீறிப்போயிருந்தது. வளைவு அழவில்லை, சிரிக்கவில்லை, அமைச்சரை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"மனுதாரர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்," என்று நெகிழ்ந்தார் கோதண்டர்.

மக்களிடம் வரி வாங்கி அந்த வளைவை ஆறுதல் மண்டப வாசலில் கருங்கல்லில் எழுப்பினார்கள். அடுத்து வந்த தேர்தலில் அதுவே ஆறுதல் மண்டபத் தலைமைக்குப் போட்டியின்றித் தேர்வானது. கோதண்டர் அதற்கு ஆலோசகரானார். மனு முடியாதவர்களும் மேல்முறையீடு செய்கிறவர்களும் புதிய தலைவரின் நேர் கீழே வரிசையில் நிற்க வேண்டும் என்றார்.

பூவாயியும் சின்னாண்டியும் போய் நின்றார்கள். நடுப்பகலில் மேலே ஏதோ விரிசல் விடும் சத்தம் கேட்டது. பூவாயியின் தலையில் கல்துகள் உதிர்ந்தது.

"தலைவர் பேசுகிறார், அமைதி," என்றார் கோதண்டர், தூரத்தில் தமக்குப் போட்டிருந்த பந்தலிலிருந்து.

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். சின்னாண்டியின் கையைப் பற்றி இழுத்தாள். "வாய்யா. அவங்க இழப்பீடும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவன் தத்தித் தத்தி அவளோடு தெருவைக் கடந்தான். மறுபக்கம் போனதும் அவள் திரும்பி நின்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். "எல்லாரும் வெளிய வந்துருங்க. விழப்போகுது."

வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. ஒருவரும் நகரவில்லை. ஓடினால், ஓட முடிகிறவருக்கு என்ன காயம் என்று மனுவைத் தள்ளிவிடுவார்கள்.