மௌனத்துக்கு முத்திரை

கிட்ட வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொன்னால் இதற்கும் விண்ணப்பம் கேட்பார்கள்.

மேடையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் முன்கூட்டியே எழுத்துமூலம் சமர்ப்பிக்கப்பட வேண்டும் என்பது எங்கள் ஊர் விதி. நாடக வாத்தியாரும், நடிகர் மறந்த வசனத்தைத் திரையோரம் நின்று எடுத்துக் கொடுக்கும் அக்காவும் பிரதியோடு அனுமதி அலுவலகத்துக்குப் போனார்கள். அன்று மாலை ஆறு மணிக்கு நாடகம். முத்திரை விழாவிட்டால் அரங்கத்துக்குப் பூட்டு.

அனுமதி அலுவலர் அறுபதாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

“இங்க ‘மௌனம்’னு போட்டிருக்கே, என்ன பேசுவாங்க?”

“ஒண்ணும் பேசமாட்டாங்க ஐயா,” என்றார் வாத்தியார். “மகள் வீட்டை விட்டுக் கிளம்புறா. அம்மா பார்த்துக்கிட்டே நிப்பா.”

“பேசாததை எங்க எழுதியிருக்கீங்க?”

“பேசாததை எப்படிங்க எழுதுறது?”

“எழுதாததை எப்படிய்யா அனுமதிக்கிறது?”

வாத்தியார் அக்கா பக்கம் குனிந்தார். “அதை எடுத்துட்டா நாடகமே செத்துப்போச்சு” என்று அக்காவின் காதில் முனகினார்.

அக்கா பையிலிருந்து ஒன்றும் எழுதாத இரண்டு வெள்ளைத் தாள்களை எடுத்து நீட்டினாள். “முழுசும் இதுல இருக்குங்க.”

அலுவலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஓரிடத்தில் முகம் சுளித்தார். இரண்டாம் தாளின் நடுவே சிவப்பு மையால் நாலு வரியை அடித்தார்.

“இது கொஞ்சம் ஓவர். குடும்பத்தோட வர்றவங்க இருக்காங்க.”

“நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், இவர் கேட்டாத்தானே!” என்றாள் அக்கா.

முத்திரை விழுந்தது.

மாலையில் அலுவலர் முதல் வரிசையில், மடியில் பிரதியோடு வரிவரியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மௌனம் வந்தது. விரல் வெள்ளைத் தாளிலும் ஊர்ந்தது. பின்னால் யாரோ இருமினார்.

அலுவலர் துள்ளி எழுந்தார். “இது பிரதியில இல்ல! நிறுத்துங்க நாடகத்தை!”

திரையோரத்திலிருந்து அக்காவின் தலை நீண்டது. “நீங்க இப்பக் கத்தினதும் இல்லையே, ஐயா.”

தாளை முன்னும் பின்னும் புரட்டினார். நேர்மையான மனிதர். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான், எங்களுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. தும்மலை விழுங்கினோம். அந்தத் தாய் மகளைப் பார்த்த பார்வைக்கு வந்த கண்ணீரையும் ஓசைப்படாமல் துடைத்தோம். கடைசியில் திரை விழுந்தது. ஒரு கைதட்டல் இல்லை. பிரதியில் இருந்தால்தானே! படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், முந்நூறு பேர், கையை மடியில் வைத்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே வாத்தியார், நாடகம் தோற்றதென்று தலையில் கைவைத்துவிட்டார்.

அக்கா திரையை ஒரு விரற்கடை விலக்கினாள். வசனம் மறந்த நடிகருக்குச் சொல்வதுபோலவே, மெல்லிய குரலில், எங்களுக்கு எடுத்துக் கொடுத்தாள்:

“கை தட்டுங்க.”