பதினேழாம் எண் வீட்டு ஏணி சிறைப்பட்ட வரலாறு

அக்டோபர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு, ஆறாவது குறுக்குத் தெருவில் பதினேழாம் எண் வீட்டின் முன்பாக, இருபத்து நான்கு அடி நீளமுள்ள அலுமினிய ஏணி ஒன்று இறக்கி வைக்கப்பட்டது.

வாழ்க அவ்வீட்டுத் தலைவர். முப்பத்திரண்டு ஆண்டுகள் சங்கிலியும் நாடாவும் ஏந்திப் பிறர் நிலங்களை அளந்தவர். வரப்பை அரையடி தள்ளிப் போட்ட வன்கண்ணரை வரைபடம் ஒன்றை விரித்தே வாய்மூட வைத்தவர். ஆயிரம் எல்லைக்கல் நட்டும் ஒன்றையும் தமக்கென நடாத தகைமையாளர். ஓய்வுபெற்ற பின்னும் சட்டைப்பையில் அளவு நாடா அகலாதிருந்தமையால் முன்னால் ‘சார்’ என்றும் பின்னால் ‘டேப்பு சார்’ என்றும் தெருவாரால் அழைக்கப்பட்ட இருபெயர் வேந்தர். மழை கரைத்த சுவர்களே, பாசி படர்ந்த சன்ஷேடுகளே, வெடித்துக் கிடக்கும் மாடிக் கைப்பிடிச் சுவரே, செவி கொடுங்கள். உங்கள் பொருட்டு அவர் ஐந்து நாள் பொருத பெரும்போர் இங்கே கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லப்படுகிறது.

போருக்குக் காரணம் மண்ணாசை அன்று, பொன்னாசையும் அன்று. சார் தம் மனைவிக்குக் கொடுத்த வாக்கு ஒன்றே. முழங்கால் மாற்று அறுவை செய்துகொள்ளப் பதினோரு வாரங்களுக்கு முன் மகள் வீட்டுக்குப் புறப்பட்ட அந்த அம்மையார், காரில் ஏறும் முன் நிற அட்டையைக் கேட்டு வாங்கி, நூற்றெண்பது கட்டங்களில் ஒன்றன்மேல் விரலை வைத்தார். எலுமிச்சையின் பளீரும் இல்லாமல் சந்தனத்தின் மந்தமும் இல்லாமல் இடையில் நின்ற ஓர் இளமஞ்சள். வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணி ரயிலில் அவர் வந்து இறங்குகிறார்.

“நீ வந்து பாக்கும்போது வீடே அடையாளம் தெரியாது,” என்று சார் போனில் முழங்கியிருந்தார்.

“பதினோரு வருஷமா இதையேதான் சொல்றீங்க. எனக்கு முட்டியே புதுசா மாத்தியாச்சு. அந்தச் சுவரு மட்டும் அப்படியே நிக்குது,” என்றது மறுமுனை.

அம்பு தைத்த வேழம்போல் சார் ஒரு கணம் அசையாது நின்றார். மறுகணம், ஊரில் பேர்போன பெயின்டிங் மேஸ்திரியின் எண்ணைத் தேடி எடுத்தார். தாமே பிரஷ் பிடிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. தொழில் தெரிந்தவன் கையில்தான் தொழில் இருக்கவேண்டும் என்பது உத்தியோகத்தில் அவர் கற்ற ஒழுக்கம்.

அந்த மேஸ்திரியின் பெருமை சொல்லி மாளாது. ஒரே வேளையில் ஏழு வீடுகளில் வேலை எடுத்து, ஏழு வீட்டாரையும் தங்கள் வீடுதான் முதலில் முடியும் என்று நம்ப வைத்த மாயப்போர் வல்லவர் அவர். வென்ற நாட்டில் மன்னர் கொடி நடுவதுபோல், வேலை எடுத்த வீட்டில் ஏணி ஒன்றைச் சாத்திவிட்டுப் போவது அவர் முறை. ஏணி நின்றால் வேலை நடக்கிறது என்று பொருள். ஏணிமேல் ஆள் இருக்கிறாரா என்று கேட்பவர் தொழில் அறியாதவர். அவரிடம் ஏணிகள் நான்கு. அவற்றுள் மாடிச் சுவரின் உச்சியை எட்டும் நெடியது, பதினேழாம் எண் வீட்டில் இறக்கப்பட்ட ஏணி ஒன்றுதான்.

செவ்வாயன்று அவர் படை தொழிலைத் திறம்படவே தொடங்கியது. பழைய வர்ணத்தைத் தகடு வைத்துச் சுரண்டினார்கள். விரிசல்களில் பட்டி திணித்தார்கள். உப்புத்தாள் தேய்த்த தூசு எழுந்து, பகலவனை மறைக்கும் போர்க்களப் புழுதியென எதிர்வீட்டுத் துணிக்கொடியில் இறங்கியது. மாலைக்குள் முன்சுவரின் இடப்பாதிக்கு வெள்ளை ப்ரைமர் ஏறிவிட்டது. “காலையில எட்டு மணிக்கு இங்க நிப்போம் சார்,” என்று கூறி மேஸ்திரி அகன்றார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே நின்றது ஏணி மட்டுமே.

சார் போன் செய்தார். “வந்துட்டே இருக்கேன் சார், பாதி வழியில இருக்கேன்,” என்றார் மேஸ்திரி. பத்து மணிக்கும் பாதி வழியில் இருந்தார். பன்னிரண்டுக்கும் பாதி வழி. அளவையில் தேர்ந்த சார் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்: எட்டு மணிக்குப் பாதி வழி, பத்து மணிக்கு மீதியில் பாதி, பன்னிரண்டுக்கு அந்த மீதியின் மீதியில் பாதி. இவ்வாறு நெருங்கி நெருங்கி வருகிறவர் கடைசியில் கேட்டுக்கு ஓர் அங்குலம் தள்ளி நின்றுவிடுவாரே அன்றி உள்ளே வரப்போவதில்லை என்ற முடிவு அவர் நெஞ்சில் இடியென இறங்கியது.

அந்நேரம் எதிர்வீட்டு அம்மாள், முந்தின நாள் தூசு படிந்த துணிகளை மறுபடி அலசிப் போட வெளியே வந்தார். ஒரு கன்னத்துக்கு மட்டும் பவுடர் போட்ட முகம்போல் நின்ற வீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன சார், அம்மா வரதுக்குள்ள இன்னொரு கன்னத்தையும் பூசிடுவீங்களா?”

“முடிஞ்சிடும்மா. ஆளுங்க வந்துட்டே இருக்காங்க.”

“எங்க வீட்டுக்கும் இவரேதான் அடிச்சாரு. வந்துட்டேதான் இருந்தாரு,” என்று சொல்லி அவர் ஒரு தலையணை உறையை உதறினார்.

அந்த உதறலில் சாருக்குள் உறங்கிய மறம் விழித்தது. நெடிய ஏணி எவரிடம் உண்டோ, மேஸ்திரி அவரிடம் வந்தே தீரவேண்டும் என்னும் போர்நுட்பம் அவருக்குப் புலப்பட்டது. மாலை ஐந்தரை மணிக்கு, தம் பழைய மிதிவண்டியின் இரும்புச் சங்கிலியை எடுத்துவந்து, மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயோடு ஏணியின் ஒரு காலைச் சேர்த்துச் சுற்றினார். உயரத்தில் கட்டினால் புதிய ப்ரைமர் உரசிவிடும் என்று குனிந்து, தாழக் கட்டினார். பூட்டினார். பூட்டை மும்முறை இழுத்துப் பார்த்தார். பகை வேந்தனின் பட்டத்து யானையைத் தன் கொட்டிலில் கட்டிய மன்னனின் மிடுக்கோடு உள்ளே சென்று, நாட்குறிப்பில் எழுதினார்: ‘சங்கிலி இடப்பட்டது. தரையிலிருந்து ஒன்பது அங்குலம்.’

வியாழன் காலை, பகைவர் ஆநிரையைக் கவர வெட்சிப் பூ சூடிப் புறப்பட்ட பண்டை மறவனைப்போல், ஆனால் பூவின்றி, காதில் பென்சிலோடு, மேஸ்திரியின் மச்சான் வந்தார். நாற்பது வயதும் நிதான நடையும் கொண்டவர்.

“சார், ஏணியைக் கொஞ்சம் எடுத்துட்டுப் போறேன். அரை மணி நேரம்தான். பக்கத்துத் தெருவுல ஒரு மேல்கோட்டு பாக்கி.”

நொச்சி சூடி மதில் காத்த வீரர் வழிவந்தவர் என, சார் ஏணிக்கும் அவருக்கும் இடையே வந்து நின்றார். வலக்கையை உயர்த்தினார்.

“ஏணி இங்கதான் இருக்கும். வேணும்ங்கிறவங்க பிரஷ்ஷோட வரட்டும், ஆளோட வரட்டும், இளமஞ்சளோட வரட்டும். வெறுங்கையோட வந்தா ஏணி இல்லை. இதை உங்க மேஸ்திரிகிட்ட அப்படியே சொல்லுங்க.”

மச்சான் சங்கிலியைப் பார்த்தார். தேவைக்குச் சற்று அதிக நேரமே பார்த்தார். பிறகு சாரின் முகத்தைப் பார்த்து, “சரி சார். சொல்றேன்,” என்று அமைதியாகத் திரும்பிப் போனார். சார் அதைத் தோல்வியுற்றோன் பின்வாங்கல் என்று குறித்துக்கொண்டார்.

ஆயினும் அன்று பொழுது சாயும்வரை ஒரு ரோலரும் வரவில்லை. யானை கிடைத்தது, பாகன் வரவில்லை. சனிக்கிழமைக்கு ஒரே ஒரு பகல் இடையில் நின்றது. போனில் அம்மையார், “ஏங்க, ரொம்ப அலையாதீங்க. ஆகலைன்னா பரவாயில்லை,” என்று இரங்கிய குரலில் சொன்னதுதான் அவரை உள்ளபடியே உலுக்கியது. கேலியைத் தாங்கிய நெஞ்சு கருணையைத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு, மேஸ்திரியை அவர் கோட்டையிலேயே முற்றுகையிடச் சார் புறப்பட்டார். இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து அவர் சேர்ந்த அந்தச் சின்ன வீட்டில், கதவு ஒரு நிறம், சன்னல் ஒரு நிறம், படிக்கட்டு வேறொரு நிறம்; ஊரின் எல்லா வீடுகளும் தங்கள் டின்னில் மிஞ்சியதை அங்கே கப்பம் கட்டியிருந்தன. தோளில் சாப்பாட்டுப் பையோடு மேஸ்திரியின் மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“அவரு அஞ்சு மணிக்கே போயிட்டாரு சார். எந்த வீடுன்னு என்கிட்ட சொல்ல மாட்டாரு. சொன்னா, போன் பண்றவங்ககிட்ட நான் உண்மையைச் சொல்லிடுவேனாம்.”

சாரின் தோள்கள் தாழ்ந்தன. ஐந்து நாள் போரில் அவர் முதன்முறையாகச் சமாதானம் நாடிய இடம் அது. சட்டைப்பையில் அளவு நாடாவுக்குப் பக்கத்தில் கிடந்த சாவியை எடுத்து, முடியைக் கழற்றித் தருபவர்போல் இரு கையாலும் நீட்டினார்.

“இந்தாம்மா. ஏணியோட சாவி. அவரு எங்க வேணும்னாலும் எடுத்துட்டுப் போகட்டும். ஆனா ஒரு நாள், ஒரே ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போகச் சொல்லுங்க. நாளைக்கு என் சம்சாரம் வராங்க.”

“ஐயோ, நான் சாயங்காலம் தையல் கம்பெனியிலேர்ந்து வந்துதானே குடுக்க முடியும். பரவாயில்லையா சார்?”

“பரவாயில்லைம்மா,” என்றார் சார், அனைத்தையும் துறந்தவராக.

எட்டேகாலுக்கு அவர் தெருமுனை திரும்பியபோது கண்ட காட்சி யாதெனில்: பதினேழாம் எண் வீட்டின் முன்பு மேஸ்திரி. அவருடன் மச்சான். அவர்களுடன் மேலும் நான்கு பேர். தரையில் இளமஞ்சள் டிரம் இரண்டு, மூடி திறந்து, கோல் விட்டுக் கலக்கப்பட்டு, உச்சியில் நுரை கட்டி நின்றன. ரோலர்கள் வேலென நிமிர்ந்திருந்தன. எதிர்வீட்டு அம்மாள் கையில் காப்பியோடு மாடியில் இருந்தார்.

“எங்க சார் போயிட்டீங்க? ஆறரைக்கே வந்துட்டோம்,” என்றார் மேஸ்திரி. “சாவியைக் குடுங்க, ஏத்திடலாம்.”

“சாவி உங்க வீட்ல இருக்கு.”

“எங்க வீட்லயா?”

“உங்க வீட்டம்மாகிட்ட. உங்களைத் தேடிப் போனேன். குடுத்துட்டு வந்துட்டேன்.”

மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “உள்ள போயிருப்பாளே சார். ஆறு மணிக்குத்தான் வெளிய விடுவாங்க.”

தம் வாளாலேயே தம் தேர்க்காலை வெட்டிக்கொண்ட வேந்தர் நிலை சாருடையது. வெள்ளி போனால் இரண்டு கோட்டு காயாது. காயாவிட்டால் சனி மாலை அந்த அம்மையார் பாதி வெள்ளையும் பாதி பாசியுமான சுவரைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போவார். அந்த ஒன்றும் சொல்லாமையை எண்ணிய சார், குழாயை அறுத்துவிடுவதென்று துணிந்து, உள்ளே இரும்பு அறுக்கும் ரம்பம் எங்கே இருக்கிறது என்று யோசிக்கலானார்.

அப்போது மச்சான் முன்னே வந்தார். ஏணியின் காலை இரு கையாலும் பிடித்து, ஓரடி உயரத் தூக்கினார். சங்கிலி அந்த இடத்திலேயே தொங்கியது. ஏணி அதிலிருந்து வெளியே வந்தது.

“வந்துடுச்சு,” என்றார் மச்சான்.

சார் நாடாவை எடுத்தார். குனிந்து அளந்தார். ஏணியின் முதற்படி அதன் காலடியிலிருந்து பதினோரு அங்குலத்தில் இருந்தது. சங்கிலி ஒன்பதில் இருந்தது. படிக்குக் கீழே வெறுங்காலை மட்டும் சுற்றியிருந்த அந்தப் பூட்டு, கட்டிய நேரம் முதல் எதையும் பிடித்து வைத்திருக்கவில்லை. ஆயிரம் எல்லைகளில் ஓர் அங்குலம் பிழைக்காதவர், தம் வாசலில் இரண்டு அங்குலம் பிழைத்திருந்தார்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டார்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “நேத்தே மச்சான் வந்து சொன்னாரு சார். தூக்கினா வந்துடும் மாமா, ஆனா அந்த மனுசன் அவ்வளவு நம்பிக்கையா முன்னாடி நிக்கிறாரு, எனக்கு எடுக்க மனசு வரலைன்னாரு. சரி, இதுக்கு மேல இந்த வீட்டை இழுத்தடிச்சா நல்லா இருக்காதுன்னு எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டேன். மத்த ஆறு வீட்லயும் இப்ப போன்ல திட்டிட்டு இருக்காங்க.”

சார் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டார். “காப்பி போடட்டுமா?” என்றார்.

“போடுங்க சார். ஆறு பேரு.”

அதன்பின் நடந்ததை எந்த நாவால் உரைப்பது. ஏணி எழுந்தது, விடுபட்ட களிறு விண்ணோக்கித் துதிக்கை நீட்டியதுபோல். மச்சான் உச்சியில் நின்று ரோலரை ஒரு வீச்சு வீச, பதினோராண்டுப் பாசி சுரண்டி ப்ரைமர் ஏறிய சுவர்மீது இளமஞ்சள் வெயில்போல் பரவியது; கைப்பிடிச் சுவர் வீழ்ந்தது, சன்ஷேடுகள் சரணடைந்தன, இருபுறச் சுவர்களும் வாளேந்தாமலே வாயில் திறந்தன; சார் ஆறுமுறை காப்பியும் பதினெட்டுமுறை யோசனையும் வழங்க, காப்பி மட்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வெள்ளி முழுதும் முதல் கோட்டு. சனி விடியலில் இரண்டாம் கோட்டு. மூன்று மணிக்குக் கேட்டும் முன்கதவும் பழுப்பு எனாமலில் பளபளத்தன. பின்சுவர் திங்கட்கிழமைக்கு என்று ஒப்பந்தமானது. வாகை சூடிய படை, டிரம்மையும் நெடிய ஏணியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஆறு வீடுகளின் சினத்தை நோக்கிப் புறப்பட்டது.

நாலே முக்காலுக்கு ஆட்டோ வந்து நின்றது. அம்மையார் கைத்தடி ஊன்றி மெதுவாக இறங்கினார். முதலில் எதிர்வீட்டைப் பார்த்தார், பிறகு பக்கத்து வீட்டைப் பார்த்தார், பிறகு தம் வீட்டைப் பார்த்தார். ஆட்டோக்காரர் பெட்டியை இறக்கி வைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். சார் சட்டைப்பையை ஒரு கையால் பற்றியபடி, தீர்ப்பு கேட்க வந்தவர்போல் நின்றார்.

“நான் தொட்ட கலர்தானா இது?”

“அதேதான். அட்டையை வெச்சுப் பாத்துட்டேன்.”

“அட்டையில இவ்வளவு நல்லா இல்லையே,” என்றார் அவர், கைத்தடியை மறுகைக்கு மாற்றி, சாரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே.

முன்கதவில் பெயின்ட் காயாததால் இருவரும் பின்பக்கமாக வீட்டுக்குள் போனார்கள்.