புயலுக்கு முன்பே விழுந்த கூரை

சட்டையின் கடைசிக் காஜாவை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள் தையல்காரி. கூரையோடு இருந்த அந்த அறையில் அவள் செய்த கடைசி வேலை அது. நிமிர்ந்தபோது தம்பி அவளுடைய கைப்பேசியோடும் தோளில் ஒரு கயிற்றுச் சுருளோடும் நின்றான்.

"அக்கா, இன்சூரன்ஸ்காரங்க எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பியிருக்காங்க. நாளைக்குச் சாயங்காலம் புயல். வீட்டைப் பத்திரப்படுத்தலேன்னா பைசா தர மாட்டாங்களாம்."

தெருவில் அவனுக்கு இன்ஜினியர் என்று பெயர். படிப்பு முதல் வருடத்தோடு நின்றுவிட்டது, பெயர் நிற்கவில்லை.

"என்ன பண்ணச் சொல்றாங்க?"

"மூணே மூணு விஷயம். கூரையை இறுக்கணும். கூரை மேல சாயுற கிளையை வெட்டணும். சாமானைக் கீழே இறக்கணும். நான் இருக்கேன்ல?"

அவன் இருந்ததுதான் அவளுக்குக் கலக்கமாக இருந்தது. ஆனால் வேறு யார் இருக்கிறார்கள்? கணவர் தவறிப்போய் ஒன்பது மாதம். மாடியில் இந்தத் தையல் அறையைக் கட்டி, சிமெண்ட் ஷீட் போட்டு, மெஷினைத் தூக்கிவந்து வைத்ததெல்லாம் அவர்தான். மகன் போன மாதமே கறாராகச் சொல்லிவிட்டான்: "இன்னொரு ரிப்பேர்னு சத்தம் கேட்டா வீட்டை வித்துடுவோம்மா. நீ எங்களோட வந்துடணும்." மகன் வீட்டில் பாசத்துக்குக் குறைவில்லை. தையல் மெஷின் வைக்கத்தான் இடமில்லை.

"சரி" என்றாள்.

தம்பி ஸ்பேனரோடு ஏறினான். கால்மணி நேரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம்.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் ஓவரா இறுக்கிட்டேன். ஷீட்ல முடி மாதிரி ஒரு கோடு."

முடி மாதிரிக் கோட்டின் வழியாக ஒரு முழத்துக்கு வானம் தெரிந்தது.

"பயப்படாதே. மேலே மணல் மூட்டை வச்சா விரிசல் அமுங்கிடும்."

"சரி."

நான்கு மூட்டை ஏறியது. ஷீட் முனகியது. பாரம் தாங்காதோ என்று தம்பிக்கே சந்தேகம் வந்து, ஷீட்டையும் மூட்டைகளையும் சேர்த்துக் கயிற்றால் சுற்றி, மறுமுனையைப் பின்பக்கத்து மரத்தின் பெரிய கிளையில் கட்டினான்.

"இப்ப யானை வந்து இழுத்தாலும் அசையாது."

"அடுத்து என்ன?"

"கிளை வெட்டணும்." அண்ணாந்து பார்த்தான். கூரை மேல் சாய்ந்திருந்தது ஒரே ஒரு கிளைதான். கயிறு கட்டிய கிளை.

"டேய், கயிறு அதுலதானே இருக்கு?"

"வெட்டிட்டு மாத்திக் கட்டிக்கலாம்க்கா. இப்ப அவுத்தா கூரை நழுவிடும்."

அவள் கயிற்றையும் கிளையையும் மாறி மாறிப் பார்த்தாள். வாய் மட்டும் வழக்கம்போல, "சரி" என்றது.

கிளை தோட்டத்துப் பக்கம் விழுந்தது. கயிறு விறைத்து விரிசலைப் பிளந்தது. இரண்டு ஷீட்டும் நான்கு மூட்டையும் ஒரு கணம் யோசித்துவிட்டு, அறைக்குள் இறங்கின. தூசி அடங்கியபோது மெஷின் மேல் மணல் குவிந்திருந்தது. சட்டையில் காஜாக்கள் மட்டும் தெரிந்தன. வெளியே ஒரு இலைகூட ஆடவில்லை.

தம்பி மரத்திலிருந்து இறங்கிவந்து எட்டிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது, பிறகு மெல்லத் தெளிந்தது.

"அக்கா, நல்லதாப் போச்சு."

"எதுடா நல்லது?"

"நாளைக்கு எப்படியும் புயல் அடிக்கும். அடிச்சா இது புயல் கணக்கு. புதுக் கூரையே போட்டுத் தந்துடுவாங்க. உன் பையனுக்குத் தெரியவே வேண்டாம்."

மறுநாள் தெருவே ஆணி அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல்களுக்குப் பலகை, தொட்டிகளுக்குக் கயிறு. எல்லோரும் புயல் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்க, அக்காவும் தம்பியும் மட்டும் அதற்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அவளுக்கு அண்டை வீட்டார் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மூன்று மணிக்கு மகன் அழைத்தான்.

"அம்மா, வீடு பத்திரமா இருக்கா?"

"இருக்குப்பா."

"மாமா அங்கயா இருக்கார்?"

"ஆமா."

"நாளைக்குக் காலையில வர்றேன்" என்று வைத்துவிட்டான்.

ஐந்து மணிக்கு வானம் கறுத்தது. தம்பி கைகளைத் தேய்த்துக்கொண்டான். ஆறு மணிக்கு ரேடியோ, புயல் திசை மாறிக் கடலுக்குள்ளேயே வலுவிழந்துவிட்டது என்றது. கொடியில் காய்ந்த துண்டு ஒருமுறை லேசாக அசைந்து, அதுவும் நின்றது.

"போச்சு" என்று படியில் உட்கார்ந்தாள் அவள். "நல்லவேளை, இன்னும் யாருக்கும் எதுவும் சொல்லலை."

தம்பி கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் தள்ளினான்.

"சொல்லலைதானேடா?"

"நேத்தே போட்டோ அனுப்பிட்டேன்க்கா. புயல் முடிஞ்சா கூட்டம் அதிகமா இருக்கும்னு."

காலையில் எழுந்ததும் தம்பி மும்முரமானான். பக்கத்துத் தோட்டங்களில் பொறுக்கிய சருகை அறைக்குள் தூவினான். சுவரில் வாளி வாளியாகத் தண்ணீர் அடித்தான். அதில் பாதி படி வழியே வழிந்து, பத்திரமாகக் கீழே இறக்கி வைத்திருந்த துணி மூட்டையில் போய் இறங்கியது.

"இயற்கையா இருக்காக்கா?"

அவள் பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது.

வந்தது இன்சூரன்ஸ் சர்வேயர். இளம்பெண். கையில் கோப்பு. மாடி ஏறி, கூரையைப் பார்த்தாள், மூட்டைகளைப் பார்த்தாள், வெட்டிய கிளையின் மழமழப்பான முனையைத் தடவிப் பார்த்தாள்.

"எப்படி ஆச்சு?"

"புயல், மேடம்" என்றான் தம்பி. "பேய்க்காத்து."

"எத்தனை மணிக்கு?"

"ஆறரை" என்றான் அவன். "ஏழு" என்றாள் அவள், அதே நேரத்தில்.

"முந்தாநாள் அஞ்சு மணிக்கே உங்க புகார் வந்திருக்கு. நேத்து சாயங்காலம்தான் புயல் வரவேண்டியது. அதுவும் வரலை."

"நாங்க கொஞ்சம் முன்ஜாக்கிரதைக்காரங்க மேடம்."

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. மகன்தான். இந்த வீட்டில் தனக்கு இன்னும் எத்தனை படி ஏறும் நேரம் மிச்சம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

சர்வேயர் கோப்பைப் புரட்டினாள். "அம்மா, புயல்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. உங்க பாலிசியில புயலே கிடையாது. உங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் முன்னாடி அதை எடுக்கச் சொல்லிட்டார்."

"எடுத்துட்டாரா? ஏன்?"

சர்வேயர் கோப்பை மூடாமலே நிமிர்ந்தாள். தலையில் சருகோடு நின்ற தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவர் உங்களுக்கு யாரு?"

அவளுக்குப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டது போதும் என்று தோன்றியது. "என் தம்பிம்மா. புயலெல்லாம் இல்லை. இவன்தான் வீட்டைப் பத்திரப்படுத்தினான்."

"கூடப்பிறந்த தம்பியா?"

"ஆமா."

"அப்படின்னா முழுத் தொகையும் வரும்" என்று பேனாவைத் திறந்தாள் சர்வேயர். "புயலுக்குப் பதிலா உங்க வீட்டுக்காரர் இதைக் கேட்டு வாங்கியிருக்கார்: 'மனைவியின் தம்பி வீட்டைச் சரிசெய்யும்போது ஏற்படும் சேதம்.' எங்க ஆபீஸ்ல இதுக்கு முன்னாடி யாருமே கேட்டதில்லை. எதுக்காகன்னு விளக்கம் கேட்டிருக்காங்க. கைப்பட எழுதிக் குடுத்திருக்கார்."

படியில் மகனின் செருப்புச் சத்தம் நெருங்கியது. சர்வேயர் அந்தத் தாளைக் கண்ணருகே பிடித்துப் படித்தாள்:

"'என் மனைவி தன் தம்பியிடம் வேண்டாம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டாள்.'"