இந்த வருஷம் முதல் ஆள் யார் என்பது பற்றி மச்சானுக்கு

ஆல்டர் கிரீக், விஸ்கான்சின்
மான் வேட்டைக்கு முந்தைய வியாழக்கிழமை

மச்சான் டெல்பர்ட்டுக்கு ஆர்வில் எழுதிக்கொள்வது.

இல்லை. முதலில் அதைச் சொல்லிவிட்டு அப்புறம் நலம் விசாரிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பத்துப் பேர் காதில் விழும்படி நீ என்ன சொன்னாய்? "ஆர்வில், உன் டீமுக்கு வேண்டியது மறிக்கிற ஆளு, ஓடுற ஆளு இல்ல. நீ உன் மருமகனை எடுத்துக்கோ, நான் என் மருமகனை எடுத்துக்கிறேன், சோலி முடிஞ்சுது." நான் அப்போது பதில் சொல்லவில்லை, வாயில் டோனட் இருந்தது. இப்போது வாய் காலி. இல்லை.

இனி மரியாதை. நீயும் என் தங்கை மார்லிஸும் நலமா? இங்கே நானும் என் வீட்டுக்காரி ஆர்டிஸும் மாடுகளும் நலம், என் வலது மணிக்கட்டைத் தவிர. அதில் கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல ஆர்டிஸ் எழுதுகிறாள். கடிதத்தில் பிழை இல்லையே, இதை எந்த வக்கீல் எழுதிக் கொடுத்தான் என்று நீ சந்தேகப்படுவாய், அதனால் சொல்கிறேன். நான் எட்டாவதோடு பால் கறக்கப் போனவன், இவள் பன்னிரண்டும் முடித்தவள். "இதையெல்லாம் எதுக்கு எழுதணும்" என்கிறாள். எழுது என்றேன்.

விதிகள் உனக்கு மறந்திருக்கும். உனக்கு வேண்டும்போது மறக்கும், வேண்டும்போது ஞாபகம் வரும், எனவே அவற்றையும் எழுதி வைக்கிறேன். தேங்க்ஸ்கிவிங் அன்று காலை உன் வைக்கோல் வயலில் நம் குடும்பம் இரண்டு டீமாகப் பிரிந்து, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஃபுட்பால் ஆடும். அந்த வருஷம் நம் குடும்பத்தில் கல்யாணம் செய்துகொண்டு வருகிறவர்களை இரண்டு தலைவர்களும் ஆள் பிரித்துக்கொள்ள வேண்டும். போன வருஷம் தோற்றவனுக்கு முதல் ஆள். அந்தப் பெயரைக் கடிதத்தில் எழுதி, மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமைக்கு முன்னால் தபால் முத்திரை விழும்படி அனுப்ப வேண்டும், ஏனென்றால் நம் அப்பாக்கள் காலத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பெயரைக் கத்தி, பிடித்துத் தள்ளி, காபி அண்டா பாதிரியார் காலில் கவிழ்ந்தது. ஒரு முறை எடுத்த ஆள் எடுத்ததுதான், விவாகரத்தோ கல்லறையோ வரும்வரை மாற்ற முடியாது. ஆட்டம் முடிந்ததும் அவரவர் டீம் அவரவர் தலைவர் வீட்டில் சாப்பிட வேண்டும். புருஷன் எந்தப் பக்கமோ பெண்டாட்டியும் அந்தப் பக்கம். இந்த வருஷம் வந்திருப்பது இரண்டு பேர். ஒருவன் என் மகள் ஜோலீனைக் கட்டிய வெண்டெல், பனி வாரும் லாரி ஓட்டுகிறவன், லாரி பழுதானால் அவனே பனி வாரலாம், அவ்வளவு உடம்பு. இன்னொருவன் உன் மகள் டானிகாவைக் கட்டிய பிரைஸ், கல்லூரியில் ஓட்டப் பந்தயத்தில் ஓடியவன், பக்கவாட்டில் நின்றால் ஆள் இருப்பதே தெரியாது. போன வருஷம் தோற்றது நான். அதற்கு முந்தின ஆறு வருஷமும் நான்தான், அதை நீ ஞாபகப்படுத்த வேண்டாம். ஆகவே முதல் ஆள் என்னுடையது.

நியாயமாகப் பார்த்தால் நீ சொன்னதில் பழுதில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. போன வருஷம் நீங்கள் பதினோரு முறை எங்கள் கோட்டைத் தாண்டினீர்கள், நாங்கள் மூன்று முறை தாண்டினோம், அதிலும் ஒன்று உன் நாய் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதால் வந்தது. பதினொன்று விட்டவனுக்கு மறிக்கிற ஆள் வேண்டும் என்பது தவிடு விற்கிறவனுக்கும் தெரியும், போன வாரம் அவனே சொன்னான். ஆனால் மச்சான், நானும் தொலைக்காட்சி பார்க்கிறவன். பெரிய டீம்கள் புது ஆள் எடுக்கிற ஏப்ரல் மாதம் முழுக்கக் கோட்டு போட்டவர்கள் உட்கார்ந்து இதே கேள்விக்குத் தொண்டை கிழியப் பேசுகிறார்கள்: பந்தோடு ஓடுகிறவனை எடுப்பதா, ஓடுகிறவனை மறிப்பவனை எடுப்பதா. அவர்களிடம் நான் கற்றது ஒன்றே ஒன்று. ஒரு டீம்காரன் எவனை வாய் வலிக்கப் புகழ்கிறானோ அவனை எடுக்க மாட்டான், பக்கத்தில் நிற்கிறவனை எடுப்பான். அப்படியிருக்க நீ என் மருமகனைப் புகழ்கிறாய். இந்தக் குளத்தில் மீனே இல்லை என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுநாள் அதே குளத்தில் ஐஸைத் துளைத்து வாளி நிறைய மீனோடு வந்தவன் நீ. நேற்றுதான் மீன் வந்தது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவன்.

அதனால் நானே சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன். திங்கட்கிழமை வெண்டெல் எங்கள் தொழுவத்து வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தான். வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றான், உள்ளே மாடுகளுக்கு இருட்டிவிட்டது. இதைவிட நல்ல சமயம் வராது என்று இருபது அடி பின்னால் போய், தலையைக் குனிந்து, எழுபத்திரண்டு வயதில் எவ்வளவு வேகம் வருமோ அவ்வளவு வேகத்தில் ஓடி வந்து மோதினேன். அப்புறம் நான் தீவன வண்டிக்குள் கிடந்தேன். அவன் கோப்பையில் ஒரு சொட்டுக் காபி சிந்தவில்லை. திரும்பிப் பார்த்து, "மாமா, அங்க எதாவது தேடுறீங்களா?" என்று கேட்டான். நான் மோதியது அவனுக்குத் தெரியவே தெரியாது மச்சான். ஒற்றைக் கையால் என்னைத் தூக்கி நிறுத்தி, சட்டையில் ஒட்டியிருந்த சோளத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தான். மணிக்கட்டுக் கதை அதுதான். ஆர்டிஸுக்கு இதுவரை பனியில் வழுக்கியது என்று சொல்லி வைத்திருந்தேன். இப்போது எழுதும்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. நிமிர்ந்து பார்க்கிறாள். மேலே எழுது என்றேன்.

வலியோடு உட்கார்ந்து யோசித்தேன். இவன் இவ்வளவு நல்ல சுவர் என்றால், டெல்பர்ட் இவனை ஏன் எனக்கு விட்டுக்கொடுக்கிறான்? அப்படியானால் அந்த ஓட்டக்காரன் இதைவிடப் பெரிய சரக்காக இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பிரைஸ் நீ கொடுத்தனுப்பிய என் ஏணியைத் திருப்பித் தர வந்தான். இருபது வருஷமாகத் தராத ஏணி, இந்த வாரம் ஏன் வருகிறது என்பதை நான் தனியாகக் குறித்துக்கொண்டேன். அவன் முற்றத்துக்கு வருகிற நேரம் பார்த்துக் கிடாரிப் பட்டியின் கொக்கியைத் தட்டிவிட்டேன். நாலு கிடாரிகள் நெடுஞ்சாலையைப் பார்த்துப் பாய்ந்தன. பிரைஸ் ஏணியைப் போட்டுவிட்டு ஓடினான். ஓடினான் என்பது சரியில்லை, இங்கே இருந்தான், பிறகு அங்கே இருந்தான், நடுவில் நான் எதையும் பார்க்கவில்லை. நாலையும் சாலைக்கு முன்னால் மடக்கிக் கொண்டுவந்து, மூச்சுகூட வாங்காமல், "கொக்கி தேய்ஞ்சிருக்கு மாமா, மாத்திடுங்க" என்றான். நல்ல பையன் மாதிரிதான் பேசினான். உன் வீட்டில் பழக்கிவிட்டிருக்கிறார்கள்.

ஆனால் கேள், புதன்கிழமை அதே பிரைஸ் தபால் நிலையத்து வாசலில் நொண்டுகிறான். முந்தின நாள் மின்னல், மறுநாள் நொண்டி. நான் மருந்துக் கடைவரை பின்னாலேயே போய், பனி உருக்கப் போடுகிற உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து நின்று பார்த்தேன். கால் ஆணிக்குப் போடுகிற பிளாஸ்திரி வாங்கினான். உண்மையாகவே கால் ஆணி இருக்கிறவன் கடைக்காரியிடம் சிரித்துப் பேசுவானா? எனக்கு இருந்தபோது நான் மூன்று வாரம் யாரோடும் பேசவில்லை. நான் அவனை எடுக்காமல் இருக்கத்தான் நீ அவனை நொண்ட வைத்திருக்கிறாய். அதற்குள் கடைக்காரி சத்தமாக, "ஆர்வில், மூட்டைக்குப் பின்னாடி என்ன பண்றீங்க?" என்று கேட்டுவிட்டாள். உப்பு வாங்க வந்தேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது வீட்டில் நூறு ராத்தல் உப்பு இருக்கிறது.

அன்று சாயங்காலமே மார்லிஸ் ஒரு தட்டு நிறையப் பூசணிக் கேக் கொண்டுவந்து ஆர்டிஸிடம் கொடுத்திருக்கிறாள். என்ன விசேஷம் என்று கேட்டால், சும்மாதானாம். என் தங்கையை எனக்கு அறுபத்தெட்டு வருஷமாகத் தெரியும், அவள் சும்மா எதையும் கொடுத்ததில்லை, அம்மையைக்கூடத் தனக்கு வந்து சரியான பிறகுதான் எனக்குக் கொடுத்தாள். நான் ஒரு துண்டை முதலில் நாய்க்குப் போட்டுப் பார்த்தேன். நாய் சாயங்காலம் முழுக்கத் தூங்கியது. "பதினாலு வயசு நாய் தூங்காம தாண்டவமா ஆடும்?" என்று ஆர்டிஸ் கேட்டாள், கேட்டுவிட்டு மீதித் தட்டை அவளே காலி செய்தாள். அவளும் நன்றாகத்தான் தூங்கினாள் என்பதைச் சொல்லி வைக்கிறேன்.

இன்று காலை ஜோலீன் போன் செய்தாள். இவளையும் நீ ஏவிவிட்டாயோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வெண்டெலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "அப்பா, தேங்க்ஸ்கிவிங்குக்கு நான் பெக்கான் பை சுடப் போறேன். எந்த வீட்டுக்குக் கொண்டுவரணும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். அது டீம் ரகசியம், தபாலில்தான் போகும் என்றேன். "சரிப்பா, தபால் வரட்டும்" என்று வைத்துவிட்டாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது, சளியாக இருக்கும். அதற்குப் பிறகு ஆர்டிஸ் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள், கடிதம் எழுத மட்டும் ஒப்புக்கொண்டாள்.

ஆக மச்சான், எல்லாவற்றையும் கூட்டிப் பார். நீ சுவரைப் புகழ்கிறாய். ஓடுகிறவன் திடீரென்று நொண்டுகிறான். இருபது வருஷத்து ஏணி திரும்பி வருகிறது. கேக் வருகிறது. இத்தனையும் ஒரே வாரத்தில். உனக்கு வேண்டியது பிரைஸ், அவன் உனக்குக் கிடைத்துவிட்டால் இன்னும் ஏழு வருஷம் நீ என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வாய். தற்காப்பு ஆள்தான் எனக்கு வேண்டும் என்று நீ சொல்கிற ஒரே காரணத்துக்காக எனக்குத் தாக்குகிற ஆள்தான் வேண்டும். ஆகையால் விதிப்படி, முழுச் சுயநினைவோடு, இந்த வருஷம் நான் எடுக்கும் முதல் ஆள்

இனி என் இடது கை. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். ஆர்டிஸ் பேனாவை மேசையில் வைத்துவிட்டாள். பெயரைச் சொல்லிவிட்டேன், எழுத மாட்டேன் என்கிறாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. "ஏழு வருஷமா தோத்தீங்க. ஏழு வருஷமும் ஜோலீன் இந்த மேசையில, எனக்கு எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டா. நான் தோத்த மாதிரியே எனக்குத் தெரியலை" என்றாள். டெல்பர்ட்டின் சூழ்ச்சி உனக்குப் புரியவில்லை என்று ஆரம்பித்தேன். அவர் பொண்ணு அவர் மேசையில இருக்கணும்னு அவர் நினைக்கிறார், இதுல சூழ்ச்சி எங்க இருக்கு என்று கேட்டாள். அது அப்படி இல்லை, ஏணி விஷயத்தை மறந்துவிட்டாய் என்றேன். "நீங்க பிரைஸையே எடுங்க. நான் என் தட்டை எடுத்துக்கிட்டு என் பொண்ணு எங்கயோ அங்க போறேன்" என்று சொல்லி எழுந்தாள். இரு, நான் சொல்ல வந்ததை முழுசாகக் கேட்டுவிட்டுப் போ, இந்த ஆட்டத்தில் தாக்குகிற ஆள் எதற்கென்றால் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோட்டை மாட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டாள்.

பரவாயில்லை. நான் சொன்ன சொல் மாறாதவன். நான் எடுக்கும் முதல் ஆள்: பிரைஸ் லிண்டால், ஓடுகிறவன். மார்லிஸுக்கு என் அன்பு, கேக்குக்கு நன்றி, டானிகாவுக்கு ஆசீர்வாதம், அவளுக்கு என்ன பிடிக்கும் என்று சொல்லி அனுப்பு, இனிமேல் எங்கள் வீட்டில்தானே சாப்பாடு. உன் துப்பாக்கிக்கு மான் எதுவும் வந்து மாட்டாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆர்வில் டெஷ், டீம் தலைவர்

பி.கு. உறையை ஒட்டப் போகும்போது, தேங்க்ஸ்கிவிங் அன்று எங்கள் மேசைக்கு எத்தனை தட்டு என்று எண்ணிப் பார்த்தேன். எதிரே யார் உட்காருவார்கள் என்றும் பார்த்தேன். மேலே உள்ள பெயரை அடித்துவிடு. இரு, நானே அடித்துவிட்டேன். நான் எடுக்கும் முதல் ஆள்: வெண்டெல் ஹாகன், மறிக்கிறவன். இதுதான் செல்லும், இதில்தான் கையெழுத்து. ஜோலீனுக்குப் போன் செய்து பெக்கான் பை இங்கேதான் என்று சொல்லிவிட்டேன், அவளுக்குச் சளி இல்லையாம். உன் யோசனையைக் கேட்டு எடுத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லாதே. உன் மகள் உன் மேசைக்கு வர வேண்டும் என்பது மட்டும்தான் உன் எண்ணம் என்றால், நீ சர்ச்சில் அதை அப்படியே நேராகச் சொல்லியிருக்கிறாய் என்று ஆகிறது. அப்படியானால் இந்த நாற்பது வருஷத்தில் வேறு எதையெல்லாம் நேராகச் சொல்லித் தொலைத்தாயோ என்பதுதான் மச்சான், இப்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.