ஏர்பேடு சுனிலுக்கு ஒரு பிள்ளை

மடியில் மிக்சிப் பெட்டியை வைத்துக்கொண்டு தங்கை வீட்டு நாற்காலியில் ஜெபதாஸ் உட்கார்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது. கேட்க வந்ததை இன்னும் கேட்டபாடில்லை. தபீதாள் காபி கொடுத்தாள், முறுக்கு கொடுத்தாள், அண்ணனுக்கு வேர்க்கிறதே என்று ஃபேனைக் கூட்டி வைத்தாள். அவருக்கு வேர்வைதான் கூடியது.

"மிக்சி எதுக்குண்ணா? போன வாட்டிதான் குக்கர் எடுத்துக்கினு வந்த" என்றாள்.

"அது வேற, இது வேறம்மா" என்றார் ஜெபதாஸ்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. குக்கர் வேறு, மிக்சி வேறுதான்.

சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் ஜெபதாஸ் கணக்கு பார்க்கிறார். சீசனில் லாரிக்காரர்கள் தமிழில் ஒரு பக்கமும், தோப்புக்காரர்கள் தெலுங்கில் ஒரு பக்கமும் கத்தும்போது, நடுவில் நின்று இரண்டு பாஷையிலும் வாயடைக்கிற ஆள் அவர். சர்ச் சபைக் கமிட்டியில் அவர் எழுந்து நின்றால் போதகர் ஐயரே கடிகாரத்தைப் பார்ப்பார். அப்பேர்ப்பட்ட வாய், கங்காதர நெல்லூரில் தங்கை வீட்டு வாசலைத் தாண்டியதும் மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

விஷயம் இதுதான். ஜெபதாஸுக்கும் பிளெஸ்ஸிக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். பிள்ளை தங்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் உதிரப்போக்கு நிற்காமல் பிளெஸ்ஸியின் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அதோடு கதவு சாத்திவிட்டது என்றுதான் இருவரும் இருந்தார்கள். திருப்பதியில் ஒரு நல்ல டாக்டரம்மா இருக்கிறார், ஒரு தடவை காட்டித்தான் பாருங்களேன் என்று அண்ணியிடம் சொன்னது தபீதாள். யாரோ சொல்லக் கேள்விப்பட்டாளாம்.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஜெபதாஸ் ஒரு வாரம் செல்போனில் படித்து வாடகைத்தாய் விஷயத்தில் கரைகண்டுவிட்டார். எந்த ஊரில் எவ்வளவு, வெளிநாட்டில் எப்படி என்று நாலைந்து வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். டாக்டரம்மா அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதெல்லாம் பழைய கதை என்று ஒரே வரியில் முடித்தார். பிளெஸ்ஸியின் கருமுட்டைக்குக் குறையில்லை. உங்கள் இருவரின் கருவை இன்னொரு பெண் சுமந்து பெற்றுத் தரலாம். அவள் கல்யாணமாகிச் சொந்தப் பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும். வயது இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்துக்குள். அவள் வீட்டுக்காரரும் சம்மதிக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவும் அவள் பேரில் இன்சூரன்சும் உங்கள் பொறுப்பு. மற்றபடி கூலி என்று ஒரு ரூபாய் கொடுத்தாலும் குற்றம். ஒரு பெண் வாழ்நாளில் ஒரே தடவைதான் இதைச் செய்யலாம்.

"அதாவது, காசு கொடுத்து வாங்க முடியாது. மனுஷங்ககிட்ட கேட்டுத்தான் வாங்கணும்" என்றார் டாக்டரம்மா.

திரும்பும் பஸ்ஸில் காளஹஸ்திப் பக்கத்து ஆட்கள் இருவர் மாமரத்துக்கு மருந்தடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். பிளெஸ்ஸி ஜன்னலைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"நம்ம சொந்தத்துல வயசு பொருந்தி வர்றவ தபீதாள் ஒருத்திதாங்க. அவளுக்கும் வர்ற கிறிஸ்மஸோட முப்பத்தஞ்சு முடியுது. நீங்களே கேளுங்க. நான் கேட்டா, அண்ணி கேக்கறாளேன்னு முடியாததுக்கும் சரின்னுடுவா."

"நான் பாத்துக்கறேன்" என்றார் ஜெபதாஸ். எந்தக் காரியம் கெட வேண்டுமென்றாலும் அவர் முதலில் சொல்வது அந்த இரண்டு வார்த்தையைத்தான்.

அண்ணன் என்றால் தங்கைக்குக் கொடுக்கிறவன். கல்யாணச் சீர், வளைகாப்பு, பிரசவம், பிள்ளைக்குக் காது குத்தியது, வருஷா வருஷம் பண்டிகைப் புடவை, எல்லாம் தாய்வீட்டிலிருந்து அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கொத்து வாங்கியதாக அவர்கள் குடும்பத்தில் சரித்திரம் இல்லை. அப்படிப்பட்டவர் முதன்முதலாகக் கை நீட்டப்போவது இவ்வளவு பெரிய ஒன்றுக்கு. கூச்சத்தில் ஜெபதாஸ் ஒரு யோசனை செய்தார். முதலில் நாமே ஏதாவது கொடுத்துவிடுவோம், அப்புறம் கேட்போம். கொடுப்பது நடந்தது. கேட்பதுதான் நடக்கவில்லை. ஆகையால் மறுபடி கொடுக்க வேண்டியதாயிற்று.

அன்றைக்கு மிக்சியைக் கீழே வைத்துவிட்டு, சுற்றி வளைத்து ஆரம்பித்தார்.

"உடம்பெல்லாம் எப்படிம்மா? ரத்தம் கித்தம் சரியா கீதா?"

"ஹீமோகுளோபின் பன்னெண்டரைண்ணா. பிபி நார்மல். சுகர் இல்ல. தைராய்டும் இல்ல" என்றாள் தபீதாள், மனப்பாட வசனம் ஒப்பிக்கிற ஞாயிறு பள்ளிப் பிள்ளை போல.

இந்தக் காலத்தில் மண்டல ஆஸ்பத்திரியெல்லாம் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று வியந்தபடி ஜெபதாஸ் வீடு திரும்பினார்.

அடுத்த முறை புடவையோடு போனார். தபீதாளின் வீட்டுக்காரன் ஆசிர் அன்று வீட்டில் இருந்தான். குட்டியானை வண்டி வைத்துக்கொண்டு ரேணிகுண்டா வரைக்கும் காய்கறி லோடு அடிக்கிறவன். அதிகம் பேசமாட்டான், ஆனால் பேசினால் எதிராளிக்குப் பேச்சு வராது. அவன் எதிரில் ஜெபதாஸ் தங்கையின் வயதை உறுதிப்படுத்திக்கொண்டார். அவள் பேரில் இன்சூரன்ஸ் இருக்கிறதா, இல்லாவிட்டால் தானே ஒன்று எடுத்துத் தருவதாகவும் சொன்னார். கடைசியாக, ஏதாவது ஒரு காகிதத்தில் மாப்பிள்ளை கையெழுத்து போடுவதாக இருந்தால் அதில் அவருக்குத் தடை ஒன்றும் இருக்காதே என்று கேட்டார்.

ஆசிர் புடவையைப் பார்த்தான், மூலையிலிருந்த மிக்சியைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான்.

"மச்சான், மாமனார் தோப்புல தபீதாளுக்குப் பங்கு வேணாம்னு எழுதி வாங்கணுமா?"

ஜெபதாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தூர் ஜில்லா முழுக்கத் தெரிந்த சங்கதிதான். பத்து வருஷம் எட்டிப் பார்க்காத அண்ணன் பட்டுப்புடவையோடு வந்தால் பின்னாலேயே பத்திரம் எழுதுகிறவர் வருகிறார் என்று அர்த்தம். நல்லவன் என்ற பேர் ஒன்றுதான் அவர் சம்பாதித்து வைத்திருந்தது. அதுவும் இப்போது இந்த ஒரு புடவையோடு போகும் போலிருந்தது.

"ஐயோ மாப்ளே, தோப்பு ஆருக்கு வேணும்" என்றார்.

"எது வேணும்னாலும் நேரா கேளுங்க மச்சான். கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறோம்?" என்றான் ஆசிர்.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு மனுஷனுக்கு வாய்க்காது. ஜெபதாஸ் வாயைத் திறந்தார். வாயிலிருந்து வந்தது இது.

"எனக்கில்ல. என் சிநேகிதன் ஒருத்தன். ஏர்பேடு சுனில்."

அப்படி ஒரு ஜீவன் பூமியில் கிடையாது. ஆனாலும் அவன் பேரைச் சொன்னதும் ஜெபதாஸுக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது. சுனிலுக்குப் பிள்ளை இல்லாத துக்கம், அவன் மனைவிக்கு நடந்த ஆபரேஷன், டாக்டர் சொன்ன சட்டம் எல்லாவற்றையும் கண் கலங்கச் சொன்னார். முப்பத்தாறு வயது வரை இருக்கலாமாம் என்று ஓரிடத்தில் தடுமாறியபோது, முப்பத்தஞ்சுண்ணா என்று தபீதாள் திருத்தினாள். டிவியில் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

"அவ்ளோ சொந்தக்காரங்க இருந்தும் ஒருத்தராச்சும் தானா வந்து நான் பெத்துத் தரேன்னு சொல்லக் கூடாதா?" என்று சுனிலுக்காக வருத்தப்பட்டார்.

தபீதாள் புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"வலியப் போயி நீட்டற பொருளாண்ணா இது? உனக்கு வயிறு இல்ல, எனக்குக் கீதுன்னு சொல்லிக் காட்டற மாதிரி ஆயிடாதா? அந்த அண்ணி மனசு என்னா பாடுபடும். அவங்களா கேட்டா சந்தோஷமா குடுக்கலாம்."

சுனில் மனைவியை அவள் அண்ணி என்றதை ஜெபதாஸ் கவனித்தார். பெரிய மனசு, முன்பின் தெரியாதவளைக்கூட முறை சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று பெருமைப்பட்டார்.

"சரி, நானே பெத்துத் தரேன். அந்த சுனில் அண்ணனை ஞாயித்துக்கிழமை இட்டுக்கினு வா. அவரு வாயால ஒரு வார்த்த கேக்கட்டும்" என்றாள் தபீதாள்.

ஆசிரும் தலையை ஆட்டினான்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நடந்தது ஜெபதாஸுக்கு முழுசாக விளங்கியது. சம்மதம் கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்தது ஏர்பேடு சுனிலுக்கு. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை செய்யக்கூடியதை, பிறக்காத ஒருவனுக்குத் தன் சொந்தத் தங்கையிடமே சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்திருக்கிறார். இத்தனை வருஷம் கணக்கு பார்த்தவன் போட்ட கணக்கு இது என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது. வீட்டில் பிளெஸ்ஸி கேட்டதற்கு, பாதி முடிந்துவிட்டது என்று சொல்லி வைத்தார்.

மீதிப் பாதிக்கு ஒரு சுனில் தேவைப்பட்டான். ஃபேக்டரி எடைமேடையில் வேலை பார்க்கிற திலீப்பைப் பிடித்தார். நகரிக்காரன், பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டவன். ஞாயிற்றுக்கிழமை வந்து, எங்களுக்கு வேண்டாம், நாங்கள் தத்து எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்று சொன்னால் போதும். சம்மதம் காலியாகிவிடும். அந்த இடத்தில் ஜெபதாஸ் மெதுவாகத் தன் மனுவைச் சொருகுவார். இதுதான் திட்டம். சுனில் மனைவிக்கு வெட்கம், அதனால் வரவில்லை என்று முடிவாயிற்று.

திலீப்புக்கு வேஷம் பிடித்துப்போய்விட்டது. தத்து என்ற வார்த்தையையே மறந்தான். கோழிக்குழம்பு ஊற்றிய சோற்றின் முன்னால் உட்கார்ந்து, ஒரு மழலைச் சத்தம் கேட்காத வீடு வீடா என்று தேம்பினான். தபீதாள் அவனுக்கு ஈரல் துண்டாகப் பார்த்து வைத்தாள். ஜெபதாஸ் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தார். அதையும் துக்கத்தில் சேர்த்துக்கொண்டு அவன் பெரிதாக அழுதான்.

அப்போது அவன் போன் அடித்தது. வலது கையில் குழம்பு. இடது கை விரலால் அழுத்தியதில் ஸ்பீக்கர் திறந்துகொண்டது. ஒரு பொடியன் குரல்.

"நைனா, தம்பி என்னை அடிக்கிறான். எப்ப வருவ?"

"ராங் நம்பர்" என்றான் திலீப்.

"ராங் நம்பர் இல்ல நைனா. நான்தான் பவன்குமார்."

திலீப் போனை அணைத்துவிட்டு, ஈரலை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு, கை கழுவக் கொல்லைப் பக்கம் போனவன் போனவன்தான்.

ஜெபதாஸ் எழுந்து நின்றார். சபையில் எழுந்து நிற்கிற கம்பீரம் எதுவும் இல்லை. நாற்பத்திரண்டு வயது ஆள் மேல்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"சுனிலும் இல்ல, கினிலும் இல்லம்மா. எனக்குத்தான் வேணும். உன் அண்ணி ராத்திரியில எழுந்து உக்காந்துகினு இருக்கா. எனக்குப் பாக்க முடியல. உங்கிட்டக் கேக்க வாயும் வரல. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு, நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன். பெத்துத் தருவியா?"

தபீதாள் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

"தரேண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

"சோறு ஆறிக்கினு போவுது, துன்னுங்க மச்சான்" என்றான் ஆசிர்.

ஜெபதாஸுக்கு வெட்கமாகவும் இருந்தது, பறக்கிற மாதிரியும் இருந்தது. பறக்கிறது நிலைத்தது. வெட்கம் இரண்டே நாளில் வடிந்துவிட்டது.

அடுத்த வாரம் நாலு பேரும் திருப்பதிக்குக் கிளம்பியபோது அவர் பழைய ஜெபதாஸ் ஆகியிருந்தார். பஸ்ஸில் பிளெஸ்ஸியிடம் தன் முறையை விளக்கிக்கொண்டு வந்தார். இந்த மாதிரிப் பெரிய விஷயத்தைப் பட்டென்று போட்டு உடைக்கக் கூடாது. முதலில் மனசைப் பதப்படுத்த வேண்டும். மிக்சி, புடவை, சுனில் எல்லாம் அந்தப் பதம்தான். வேறு யாராவது போயிருந்தால் தபீதாள் இந்த ஜென்மத்தில் சம்மதித்திருக்கமாட்டாள்.

"ஆமாங்க" என்றாள் பிளெஸ்ஸி. அவள் தபீதாளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். மூன்று வருஷத்தில் அவள் முகம் அப்படித் தெளிந்து அவர் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் எந்தப் பக்கம் என்று அவர் வாட்ச்மேனை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே தபீதாள் அந்தப் பக்கம் நடந்துவிட்டாள். மாடியில் நர்ஸ் ஸ்ரீதேவி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஜெபதாஸ் எல்லோருக்கும் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

"இவங்க என் தங்கச்சிங்கம்மா. இதெல்லாம் அவங்களுக்குப் புதுசு. நான்தான் கொஞ்சம் கொஞ்சமா பேசிச் சம்மதிக்க வெச்சு இட்டுக்கினு வந்தேன். பயப்படுவாங்க, நிதானமா எடுத்துச் சொல்லுங்க."

நர்ஸ் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"ஏம்மா தபீதாள், போன வருஷமே டெஸ்டெல்லாம் எடுத்து வெச்சுட்டு, எங்க அண்ணன் கேட்டதும் வரேன்னு போனீங்களே, அவர் இப்பத்தான் வாயைத் தொறந்தாரா?"