பாண் பாட்டுக்கு வந்த மாப்பிள்ளை

என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மாவிடம் எங்கள் லயத்து ஆட்கள் இரண்டு ராத்தல் பாண், அதாவது பேக்கரி ரொட்டி, கேட்டதற்கு முழுப் பொறுப்பும் நான்தான். இத்தனை வருஷமாக "அது சென்சரோட கோளாறு" என்று சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன். சென்சர் பாவம். அது தன் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்தது. கோளாறு அதை வாங்கி வந்தவளிடம் இருந்தது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். வேலை வெட்டி இல்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு சின்ன பல்பை மினுங்க வைத்தேன். அது மினுங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் எந்தச் சாமான் பழுதானாலும் "அம்மா, நான் பார்க்கிறேன்" என்று ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்பிவிடுவேன். (நான் பார்த்த பிறகு ஒரு ரேடியோ நிரந்தரமாக ஊமையானது. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.)

எங்கள் வீடு இரத்தோட்டைக்கு மேலே, ரோட்டிலிருந்து ஐம்பத்தெட்டுப் படி கீழே, ஒரே வரிசையாகப் பன்னிரண்டு வீடு ஒட்டி நிற்கிற தோட்டத்து லயத்தில். பன்னிரண்டு வீட்டுக்கும் அந்த ஒரே படிதான். இடையில் கொய்யா மரமும் மிளகுக் கொடியும் மறைப்பதால், வருகிறவர்கள் வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றும்வரை யார் வருகிறார்கள் என்றே தெரியாது.

இதனால்தான் அக்காவுக்கு முதலில் வந்த சம்பந்தம் கெட்டது. வருவதாகச் சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னாலேயே வந்து நின்றார்கள். அப்பா ஆட்டுக் கொட்டகைக் கூரையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தகரம் அடித்துக்கொண்டிருந்தார். அக்கா தலை நிறைய எண்ணெயோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். "குடும்பம் கொஞ்சம் ஒழுங்கு பத்தாது" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அக்கா அன்றைக்குத் தலைக்கு இரண்டு தடவை குளித்தாள்.

அடுத்து வந்த இடம் பல்லேபொலப் பக்கம். மாப்பிள்ளைக்குத் தபால் கந்தோரில் வேலை. அவருடைய அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் கண்ணில் பட்டுவிடுமாம். தரகர் இதைப் பெருமையாகச் சொன்னார், அம்மாவுக்கு அப்போதே வியர்த்தது.

அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையை ஏற்கெனவே தெரியும். தோழி ஒருத்தியின் கல்யாணத்தில் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அவர் இவளுக்கு ரசம் தள்ளி வைத்தாராம். அவ்வளவுதான் காதல் கதை. வீட்டில் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். "இது மட்டும் கெட்டுப் போயிரக் கூடாதுடி. எனக்கு அவர புடிச்சிருக்கு" என்றாள். பாலர் பாடசாலையில் முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் உட்கார வைக்கிறவள், இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்த வேகத்தில், "அக்கா, நீ கவலைய விடு. அவங்க பாதிப் படி இறங்குறப்பவே குசினியில அடுப்பு முன்னால நிக்கிற அம்மாவுக்குத் தெரியுற மாதிரி நான் ஒரு மெஷின் பண்ணித் தாறேன்" என்று வாயை விட்டேன்.

'வர்றப்ப ஒரு போன் போடச் சொன்னால் போதுமே' என்று உங்களுக்குத் தோன்றும். எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்படிக் கேட்கவே கூடாது. அவர்கள் எப்போது வந்தாலும் நாம் எப்போதும் இப்படித்தான் இருப்போம் என்பது போல இருக்க வேண்டும்.

மாத்தளை டவுனில் ஒரு எலக்ட்ரானிக் கடைக்குப் போனேன். ஆள் நடந்தால் உடம்புச் சூட்டை வைத்துக் கண்டுபிடிக்கிற சென்சர் ஒன்று, வயர் இல்லாமல் சிக்னல் அனுப்பவும் வாங்கவும் விரல் நீளத்தில் இரண்டு பலகைகள். கடைக்கார அண்ணன் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். இதோடு இன்னும் இரண்டு சில்லு போட வேண்டும் நங்கி, அதுதான் வருகிற சிக்னல் நம்முடையதா, ஊரான் வீட்டுடையதா என்று பார்த்துச் சொல்லும், இப்போது கையில் இல்லை, கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை ஆகும் என்றார். பெண் பார்ப்பதோ நாலு நாளில், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மலையில் ஊரான் யார் சிக்னல் அனுப்பப் போகிறான் என்று நினைத்துச் சில்லு இல்லாமலே வந்துவிட்டேன். (அந்த அண்ணன் தலையை ஒரு மாதிரி ஆட்டினார். அதற்கு அர்த்தம் எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் புரிந்தது.)

மூன்று நாள் மேசையை விட்டு எழும்பவில்லை. முதல் நாள் சென்சரின் கால்களை மாற்றிக் கொடுத்ததில் புகை வந்தது, இன்னொன்று வாங்க மறுபடி டவுனுக்கு பஸ் ஏறினேன். இரண்டாம் நாள் ஈயம் பற்ற வைக்கும் சூட்டுக்கோல் அம்மாவின் புது மேசை விரிப்பில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு ஓட்டை போட்டது. மூன்றாம் நாள் எல்லாம் வேலை செய்தது. சென்சரை மாஜரின் டப்பாவில் அடைத்துக் கொய்யா மரத்தில் கட்டினேன்.

இனி ஒரு சத்தம்தான் வேண்டும். அம்மா வடை சுடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாள். சின்ன பஸ்ஸர் அவளிடம் எடுபடாது. யோசித்தேன். எந்தச் சட்டி அடுப்பில் இருந்தாலும் அம்மா தவறவே விடாத சத்தம் உலகத்தில் ஒன்றே ஒன்று உண்டு. சாயந்திரம் ரோட்டில் பாணும் பணிஸும் விற்று வருகிற ஆட்டோவின் பாட்டு. இரண்டாம் தடவை டவுனுக்குப் போனபோது வாங்கி வந்திருந்த வாசல் பெல் சில்லில் அதே மெட்டு இருந்தது. அப்பா கோயில் கமிட்டிச் செயலாளர் என்பதால் கோயில் மைக் செட்டும் புனல் ஸ்பீக்கரும் எங்கள் வீட்டு அலுமாரி மேல்தான் கிடந்தன. இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். என் மூளையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

அந்தப் பாட்டைத் தவற விடாதவர்கள் மீதிப் பதினொரு வீட்டிலும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு காலை பத்தரைக்கு நல்ல நேரம். அப்பா எட்டு மணிக்கே வெள்ளைச் சட்டையில் கதிரையில் உட்கார்ந்து, கசங்கிவிடும் என்று முதுகைச் சாய்க்காமல் இருந்தார். அக்கா மாம்பழ நிறச் சேலையில் அவ்வளவு அழகாக இருந்தாள். ஒன்பதரைக்கு நான் மெஷினைப் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் எங்கள் வெள்ளாடு கொய்யா இலைக்காகப் படியேறியது. புனலில் பாண் பாட்டு முழங்கியது. லயம் முழுக்கக் கேட்டிருக்கும். அம்மா அகப்பையோடு ஓடி வந்து, ஆட்டைப் பார்த்து, என்னையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஆனால் லயத்தில் ஆறேழு பேர் பையும் சில்லறையுமாக வெளியே வந்துவிட்டார்கள். இன்றைக்குக் காலையிலேயே பாண் வந்துவிட்டதே என்று படியேறினார்கள். ஏறினவர்கள் சென்சரைத் தாண்டினார்கள். பாட்டு மறுபடி முழங்கியது. ஆட்டோ இன்னும் போகவில்லை என்று இன்னும் பத்துப் பேர் கிளம்பினார்கள். அவர்களும் தாண்டினார்கள். மேலே ஆட்டோவைக் காணாமல் இறங்கினவர்கள், இறங்கும்போதே பாட்டைக் கேட்டுத் திரும்பவும் ஏறினார்கள். முதல் பூசை முடிந்து வந்த பக்கத்து வீட்டு லூர்து மாமா மூன்று தடவை படி ஏறி இறங்கினார். மூட்டு வலிக்காரர். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன். மெஷினை நிறுத்தினால் மாப்பிள்ளை வீட்டார் வருவது தெரியாமல் போகுமே என்று நிறுத்தவும் மனம் வரவில்லை.

பத்தேகாலுக்கு மாப்பிள்ளை வீட்டாரின் வெள்ளை வேன் ரோட்டில் வந்து நின்றபோது, முப்பது பேர் பையோடு கோபமாக நின்றிருக்கிறார்கள். லூர்து மாமா நேராகப் போய் வேன் கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி இறங்கியது. உள்ளே பட்டுச் சேலையில், மடியில் பழத் தட்டோடு மாப்பிள்ளையின் அம்மா.

"ரெண்டு ராத்தல் பாண் குடுங்க. சீனி போட்ட கிம்புலா பணிஸ் இருந்தா அதுலயும் நாலு" என்றாராம்.

எனக்கு இது தெரியாது. நான் அப்போதுதான் சுதாரித்து, பற்றரியைப் பிடுங்கப் படியில் ஓடிக்கொண்டிருந்தேன். பழைய வீட்டுக் கவுன், கையில் ஒட்டின ஈயம், தலையில் கொய்யா இலை. டப்பாவை மரத்திலிருந்து பிய்த்து எடுக்கவும், மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் வரிசையாக இறங்கி வரவும் சரியாக இருந்தது. பின்னால் எங்கள் லயமே வந்தது. நான் மாஜரின் டப்பாவோடு கும்பிட்டேன். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கியதில் காது சிவந்திருந்தது. அவருடைய அம்மா சிரிக்கவில்லை.

சரி, பற்றரியைப் பிடுங்கியாச்சு, இனி சத்தம் வராது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு லயத்துக்காரர்கள் நின்றார்கள். அக்கா தட்டோடு வந்தாள். அப்பா தொண்டையைக் கனைத்து, இரண்டு நாளாக மனப்பாடம் செய்த முதல் வசனத்தைத் தொடங்கினார்.

மேலே ரோட்டில், இத்தனை பேர் வேனைச் சுற்றி நின்றதில் பயந்துபோன டிரைவர், ரிமோட்டை அழுத்தி வேனைப் பூட்டினார்.

ஊரான் சிக்னல். என் ரிசீவர் அதை அன்போடு வாங்கிக்கொண்டது. குசினியிலிருந்து பாண் பாட்டு வீடே அதிர வந்தது. பூட்டினது சரிதானா என்று டிரைவர் இன்னொரு தடவை அழுத்தினார், பாட்டு முதலிலிருந்து வந்தது. "இந்த வீட்டுக்குள்ளதான்யா பாண் விக்கிறாங்க" என்றார் வாசலில் லூர்து மாமா.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அக்கா தட்டை மேசையில் வைத்தாள். குசினிக்குள் போய், வயரை ஒரே இழுப்பில் பிடுங்கி எறிந்துவிட்டுத் திரும்பி வந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். "யாரு செஞ்சது இது?"

நான் என்று சொன்னேன்.

"எதுக்கு?"

பொய் சொல்லத் தெம்பில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். போன தடவை வந்தவர்கள், கூரையில் அப்பா, தலை எண்ணெய், ஒழுங்கு பத்தாத குடும்பம், எல்லாம். அழுகையோடு அழுகையாக, பெண் வீட்டார் வாயால் எந்தக் காலத்திலும் சொல்லக் கூடாத அதையும் சொல்லிவிட்டேன். "அக்காவுக்கு உங்க மகன புடிச்சிருக்குங்க. நீங்க வேணாம்னு போயிருவீங்களோன்னுதான் செஞ்சேன்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் வாய் திறக்கும் முன்னால் பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது என்று லயம் கூடி நிற்கிற சபையில் சொல்வதா? அப்பாவின் வெள்ளைச் சட்டை மொத்தமாக வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

அந்த அம்மா அக்காவைப் பார்த்தார். "நெசமாவாம்மா?"

அக்கா குனிந்துதான் நின்றாள். ஆனால் பதில் தெளிவாக வந்தது. "ஆமாங்க."

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்து, "எனக்கு அந்தக் கல்யாண வீட்லயே புடிச்சிருச்சும்மா. அவங்களுக்கு எப்படியோன்னுதான் பயந்துகிட்டு இருந்தேன்" என்றார்.

அவருடைய அம்மா தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்தார். இதுக்கு முந்தி ரெண்டு வீட்டுக்குப் போனோம் என்று மெதுவாகச் சொன்னார். ரெண்டு வீட்லயும் எல்லாம் பளிச்சுனு இருந்துச்சு, பொண்ணுங்களுக்கு சம்மதமான்னு மட்டும் கடைசி வரைக்கும் யாருமே சொல்லல, கட்டாயப்படுத்திக் கட்டி வைக்கிறத நான் ஆஸ்பத்திரியில நெறைய பார்த்திருக்கேன் என்றார். வடையைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு அப்பாவிடம், "நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க" என்றார். அப்பாவுக்கு மனப்பாடம் செய்தது ஒரு சொல்கூட ஞாபகம் வரவில்லை. "சாப்பிடுங்க" என்றார்.

அடுத்த தை மாதம் கல்யாணம். லயத்துப் பிள்ளைகளுக்கு அத்தான் இன்றுவரை 'பாண் மாமா'தான். அந்தப் பெயரைக் காப்பாற்ற, வரும்போதெல்லாம் பன்னிரண்டு வீட்டுக்கும் பணிஸ் வாங்கி வருகிறார். லூர்து மாமா தனக்குச் சேர வேண்டிய கிம்புலா பணிஸ் நாலையும் எண்ணி வாங்கிக்கொள்கிறார். நான் இப்போது ஒரு பாடசாலையில் சரித்திரம் படிப்பிக்கிறேன். ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதில்லை.

ஆனால் அத்தையை, அத்தானின் அம்மாவை, நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் என்னவோ செய்கிறது. அக்கா வீட்டார் எப்போது வந்தாலும் வேன் ரோட்டில் நின்று இரண்டு தடவை ஹாரன் அடிக்கும். அடித்துவிட்டு யாரும் இறங்க மாட்டார்கள். பத்து நிமிஷம் வேனிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அத்தையின் உத்தரவு. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட இது தவறியதில்லை.

போன மாதம் நல்ல மழை. ஹாரன் கேட்டதும் குடையை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அத்தை கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "இன்னும் நாலு நிமிஷம் இருக்கும்மா. உங்கம்மா அவசரப்படுவாங்க, நீ போ" என்றார்.

வீடு காலையிலிருந்தே சுத்தமாகத்தான் இருக்கிறது, தாராளமாக வாங்க என்றேன்.

"பொய் சொல்லாத" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பொய்தான். அம்மா அந்த நேரம், கதிரைகளில் குவிந்து கிடந்த துணியையெல்லாம் அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள்.