சாமி மாதிரி ஒரு புஷ்

புஷ் இன்றைக்கும் பெருத்திருந்தது.

வேல்சாமி மைக்ரோமீட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மாதிரியைவிட ஒரு மயிரிழை கூடுதல். நேற்றுச் சாயங்காலம் இரண்டும் ஒரே அளவில்தான் இருந்தன!

சங்கரன்கோவிலில் வண்டிக்கும் தண்ணீர் இறைக்கும் கமலைக்கும் சாமான் கடைந்துகொண்டிருந்தவனுக்கு யுத்த காலத்தில் அடித்த யோகம் அது. ஆகாய விமான இன்ஜினுக்குள் வளையமாகப் போகும் பித்தளை புஷ். மதுரையிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் தேவசுந்தரம், ராணுவ ரகசியம் என்று அளவைச் சொல்லாமல் மாதிரியை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு காட்டும்வே. சரியா இருந்தா ஆர்டர் உமக்குத்தான்."

அன்றைக்கே ஒன்றைக் கடைந்தான். அச்சு அசல். மாதிரியை மனைவி மாரித்தாயிடம் ஒப்படைத்தான்.

"ஏட்டி, ஆகாசத்துல பறக்கிற சாமான். சாமி மாதிரி வச்சுக்கோ."

அவளும் கோமதியம்மன் படத்துக்கு முன்னால், குத்துவிளக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் அளந்தால், இவன் கடைந்தது பெரிசு! ஆத்திரத்தில் அதை வாசலில் வீசினான்.

வாசலில் மாமனார் கருத்தப்பாண்டி வண்டியோடு உட்கார்ந்திருந்தார். கடைசல் பிடிக்கும் லேத்து அவர் வாங்கிக் கொடுத்தது. வீசியதை எடுத்துக் காளையின் கழுத்தில் மணியோடு கோத்துக் கட்டினார்.

"மாப்ளே, ஆர்டர் வரலைன்னா லேத்தைச் சிவகிரிக்கு ஏத்திருவேன். நீரும் வந்து நம்ம செக்கைப் பாத்துக்கிடும்."

அந்தச் செக்கில் மாட்டுக்காவது மத்தியானம் ஓய்வு உண்டு, மாப்பிள்ளைக்குக் கிடையாது.

வெயிலில் பித்தளை பெருக்கிறதோ என்று, அடுத்து ஒன்று கடைந்து அதைத் தண்ணீர்ப் பானைக்குள் போட்டு வைத்தான். காலையில் அதுவும் பெருத்திருந்தது. இன்னும் கொஞ்சம் சீவினான். மறுநாளும் அதே கதை. மறுபடியும் சீவினான். இன்ஸ்பெக்டர் வந்த அன்று, ஒருவழியாக இரண்டும் ஒத்துப்போயின.

தேவசுந்தரம் அளந்தார். முகம் சுருங்கியது.

"இது சின்னதுவே."

"மாதிரியையும் பாருங்க சார்!"

அளந்தார். "இதுவும் சின்னது! என்னவே, எங்க சாமானை மாத்திட்டீரா?"

முடிவு தெரியக் காத்திருந்த கருத்தப்பாண்டி வண்டியில் பூட்டக் காளையை அவிழ்த்தார். கழுத்தில் மணியோடு ஏதோ 'ணங்' என்றது. தேவசுந்தரம் திரும்பிப் பார்த்தார். நடந்துபோய், காளை முட்ட வந்ததையும் பொருட்படுத்தாமல் அந்தப் புஷ்ஷை அளந்தார்.

"அட! துல்லியமா இருக்கு! நல்லதை மாட்டுக்குக் கட்டிட்டு ஆகாததை என்கிட்ட காட்டுதீரே? ஆர்டர் உமக்குத்தான். ஆனா எங்க மாதிரி எப்படிவே இளைச்சுது?"

வேல்சாமி மாரித்தாயைப் பார்த்தான். அவள் பெருமையோடு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சாமி சாமானை அழுக்காவா வைப்பாக? தெனமும் விடியக்காலம் குத்துவெளக்கோட சேத்து, புளியும் செங்கல்பொடியும் போட்டு நாந்தான் அழுத்தித் தேய்க்கேன்!"